அப்பா பார்க்காத மஸ்கட்

ஓமன் பயணத்துக்காக எங்கள் வீட்டில் செய்த முதல் செலவு, அம்மாவின் முழுக்கை ரவிக்கைக்கு எடுத்த பருத்தித் துணிதான். மஸ்கட்டில் இருக்கும் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாத பெண்களும் போகலாம்; ஆனால் தலைமுடி தெரியக் கூடாது, கை மணிக்கட்டு வரையிலும் கால் கணுக்கால் வரையிலும் மறைந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அம்மா பீரோவைத் திறந்து புடவைகளைக் கட்டிலில் பரப்பினாள். தலைக்கு முந்தானை போதும், கணுக்காலைப் புடவை பார்த்துக்கொள்ளும், ரவிக்கைதான் உதவாது என்று அவளே முடிவுக்கு வந்தாள். மறுநாளே தென்காசியில் வழக்கமாகத் தைக்கும் டெய்லரிடம் போய், இடுப்பு தெரியாத நீளத்தில், மணிக்கட்டு வரை கை வைத்து ஒன்று தைக்கச் சொல்லிவிட்டாள். விசா வரவில்லை, தேதி முடிவாகவில்லை, அப்பா இன்னும் சம்மதிக்கவே இல்லை. ரவிக்கை மட்டும் தயாராக இருந்தது.

அப்பா 1984இல் எலக்ட்ரீஷியனாக ஓமனுக்குப் போனார். 2006இல் திரும்பினார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. கூட்டிப் பார்த்தால் அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகூட அவர் வீட்டில் இருந்ததில்லை. நான் பிறந்த பதினோராம் மாதம்தான் என்னை முதலில் பார்த்தார். எனக்கு மஸ்கட் என்பது ஓர் ஊராகத் தெரிந்ததே இல்லை. அது டேப் கேசட்டில் வரும் ஒரு சத்தம். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறையில் உட்கார்ந்து அவர் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அவர் குரலுக்குப் பின்னால் பழைய ஏ.சி. ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல்தான் வெளிநாடு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

"அங்கே போய்ப் பார்க்க என்ன தாயி இருக்கிறது?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டில் இருந்தவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பயணத் திட்டம் அன்று இரவில்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் 'விசா வந்துவிட்டது' என்று சொன்னால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஏஜென்ட், மெடிக்கல், கடன், நகை அடகு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அப்பாவின் முதல் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசு தனியாகச் சரிபார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு அது. இன்றும் நடப்பில் இருக்கிறது, ஓமனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஆக, எழுபது வயது அப்பாவை இப்போது யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை.

சுற்றுலா விசாவுக்கு ராயல் ஓமன் போலீஸின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்கும் இந்தியர்கள் பதினான்கு நாள் விசா இல்லாமலே போய் வரலாம் என்ற சலுகையும் உண்டு. எங்கள் மூவரிடமும் அப்படி எதுவும் இல்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் அந்த இணையதளத்தை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து இதைச் செய்ய வேண்டியதில்லை. நான் இதில் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1984இல் அப்பா ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தின் வட்டியை அம்மா மூன்று ஆண்டுகள் கட்டினாள்.

விசா அச்செடுத்து வந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். சுற்றுலா என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து தன் பழைய பத்தாக்காவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். பத்தாக்கா என்பது அங்கே தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. அதில் முடி அடர்ந்த ஒரு மெலிந்த ஆள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் கம்பெனியின் அலமாரியில் பூட்டியிருந்த காலம் அது. வேறு வேலைக்கு மாற வேண்டுமென்றால் முதலாளி தடையில்லாச் சான்று தர வேண்டும். அப்பா ஒரு முறை கேட்டார், கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அந்தச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று ஓமன் அரசு 2021இல்தான் விதியை மாற்றியது. நல்ல மாற்றம். அப்பாவுக்குப் பதினைந்து ஆண்டு தாமதமாக வந்த மாற்றம்.

எப்போது போவது என்பதுதான் அடுத்த சிக்கல். யாரைக் கேட்டாலும் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் என்பார்கள். மஸ்கட், நிஸ்வா, பாலைவனம் என்று போகிறவர்களுக்கு அதுதான் சரியான காலம். பிப்ரவரியில் எனக்கு லீவு கிடைக்கும் என்று முதலில் அதைத்தான் யோசித்தேன். ரமலான் குறுக்கே வந்தது. ரமலானில் போகக் கூடாது என்றில்லை. இரவில் ஊரே விழித்திருக்கும், நோன்பு திறக்கும் நேரத்தின் அழகைப் பார்க்கலாம். ஆனால் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் அம்மாவை வைத்துக்கொண்டு அது முடியாது. பிறை பார்த்துத் தொடங்கும் மாதம் என்பதால் ரமலான் ஆண்டுதோறும் பதினோரு நாள் அளவுக்கு முன்னால் நகரும். அரபு நாட்டுப் பயணத்துக்குத் தேதி குறிப்பவர்கள் நம் நாட்காட்டியோடு அந்த நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கலைத் தீர்த்தவள் அம்மா. "அங்கேயும் சாரல் அடிக்கிற ஓர் ஊர் இருக்கிறதாமே, உங்கள் அப்பா ஒரு கேசட்டில் சொன்னார்" என்றாள். அப்பாவுக்கு அது நினைவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது.

அந்த ஊர் சலாலா. ஓமனின் தென்கோடியில், தோஃபார் மாகாணத்தில் இருக்கிறது. அரபு நாடு என்றால் மணல் என்று நினைத்திருக்கும் யாரையும் அது திகைக்க வைக்கும். ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை அங்கே கரீஃப் என்ற பருவம். மலை முழுக்கப் பச்சை, நாள் முழுக்க மூடுபனி, பூவாய்த் தூவும் சாரல். மற்ற வளைகுடா நாடுகள் வெந்துகொண்டிருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சலாலாவில் வெப்பநிலை 30 டிகிரிக்குள்ளேயே நிற்கும். தேதிகளைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. குற்றால சீசனும் ஏறக்குறைய அதே தேதிகள்தான்.

தற்செயல் ஒன்றுமில்லை, காற்றே ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று தோஃபார் கடற்கரையை ஒட்டி வீசிக்கொண்டு அரபிக் கடலைக் கடந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. அங்கே கரையை ஒட்டி வீசும்போது அது மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேல் பட்டதும் மூடுபனியாகிறது. கடலைப் பார்த்து நிற்கும் மலை அந்தப் பனியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அளந்தால் மழை அதிகமில்லை. மரங்கள்தான் இலைகளால் பனியை வழித்து மண்ணுக்கு இறக்குகின்றன. அதே காற்று கடலெல்லாம் ஈரம் சேர்த்துக்கொண்டு கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் தூவுகிறது. அம்மா முற்றத்தில் நின்று முகத்தில் வாங்கிய சாரலைக் கொண்டுவந்த காற்று, அப்பா இருந்த நாட்டைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். "அப்படியானால் ஆகஸ்ட்" என்றாள். தேதி முடிவாயிற்று.

ஆகஸ்டில் சலாலா போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வரும் காலம் அது. அறை வாடகை கூடும், மலைச்சாலைகளில் நெரிசல் இருக்கும், பனியில் எதிரே வரும் வண்டி தெரியாது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. நான் ஓட்டப்போவதில்லை, ஓட்டுநருடன் வண்டி பேசியிருக்கிறேன். கரீஃபில் கடலில் இறங்கவும் கூடாது, அலை ஆளை இழுத்துவிடும். முக்சைல் கடற்கரையில் பாறைத் துளைகள் வழியே கடல்நீர் பீறிட்டு மேலே எழுவதைத் தள்ளி நின்று பார்க்கலாம்.

மஸ்கட் அந்த மாதத்தில் கொதிக்கும். பகலில் 40 டிகிரியை ஒட்டி வெயில், அதோடு கடற்கரைப் புழுக்கம். ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளியில் கட்டுமான வேலை வாங்கக் கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. அப்பா இருந்த காலத்தில் அது கிடையாது. எங்கள் நாள்களை அந்தச் சட்டத்தை வைத்தே வகுத்திருக்கிறேன்: அந்த மூன்று மணி நேரம் மூவரும் அறையில்தான். காலை ஒரு வேலை, மாலை ஒரு வேலை. மத்ரா கடற்கரைச் சாலையும் அதை ஒட்டிய பழைய சந்தையும் பொழுது சாய்ந்த பிறகு.

காலை வேலைதான் பள்ளிவாசல்.

அதன் கட்டுமானம் 1995இல் தொடங்கி 2001இல் திறப்பு நடந்தது. 1997, 98ஆம் ஆண்டுகளில் அப்பா அங்கே வேலை பார்த்தார். சுவருக்குள் குழாய் பதித்து ஒயர் இழுக்கும் வேலை. பூச்சு முடியும் முன்பே அவரைச் சொஹாரில் வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். திறந்த பிறகு போய்ப் பார்க்கவில்லையா என்று இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டதே இல்லை. திட்டம் போடும்போது பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்: முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 வரை, வெள்ளிக்கிழமை தவிர. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்பாவுக்கு வாரத்தில் இருந்த ஒரே விடுமுறை வெள்ளிக்கிழமை.

"ஆமாம் தாயி, மற்ற நாளில் எப்படிப் போக முடியும்?" என்றார் அவர். இதில் என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு உரிய நாள். அன்று வேடிக்கை பார்க்க ஆள் விடாதது முற்றிலும் நியாயம். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தான் ஒயர் இழுத்த இடத்தில் விளக்கு எரிவதை ஒரு மனிதர் பார்க்காமலே ஊர் திரும்பியிருக்கிறார்.

அப்பாவிடம் அந்த இடத்தைப் பற்றி நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பெரிய தொழுகைக் கூடத்தின் தரையில் விரித்திருக்கும் ஒரே கம்பளம் 4,300 சதுர மீட்டருக்கு மேல். ஈரானியப் பெண்கள் நான்கு ஆண்டுகள் முடிச்சுப் போட்டு நெய்தது, எடை 21 டன். நடுவே தொங்கும் சரவிளக்கு 14 மீட்டர் உயரம், அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள். கம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல்பைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனைக்கும் லைன் எந்தப் பக்கமிருந்து கொடுத்திருப்பார்கள், மேலே ஏறி மாற்றுவது எப்படி, ஒரே ஸ்விட்சில் போடுவார்களா, பிரித்துப் பிரித்தா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "நேரில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். அவர் வருகிறார் என்று எனக்கு அந்தக் கணத்தில்தான் உறுதியாயிற்று.

அதன் பிறகு திட்டம் என் கையில் இல்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை ரூவி. இது அப்பாவின் நிபந்தனை. ரூவி நம் நாட்டுக்காரர்களும் பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர்களும் நிறைந்த வணிகப் பகுதி. வெள்ளி மாலை அந்தத் தெருக்களில் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவதுதான் அவர்களுடைய வாரம். தினக்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அவரே படம் போட்டுக் கொடுத்தார்: இங்கே பஸ் நிற்கும், இங்கே மலையாளி ஓட்டல், இங்கே டெலிபோன் பூத், வரிசை இந்தச் சுவர் வரைக்கும் நிற்கும். பூத் இப்போது இருக்க வழியில்லை. சுவராவது இருக்கும் என்கிறார். வழிகாட்டிப் புத்தகங்களில் ரூவிக்கு அரைப் பத்தி இருந்தாலே பெரிது. எங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு முழு நாள். இந்தப் பயணத்தில் வேறு எதை விட்டாலும் அந்த நாளை விடமாட்டேன்.

சனிக்கிழமை சலாலா. இதில் எனக்கும் அப்பாவுக்கும் நான்கு நாள் வழக்கு நடந்தது. அவருக்குப் பஸ்ஸில் போக ஆசை. மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம், பெரும்பகுதி வெட்டவெளிப் பாலை. அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்து, சலாலாவிலிருந்து வடக்கே தும்ரைத் போகும் சாலையில் ஒரு பகலை ஒதுக்கினேன். அந்தச் சாலையில் மலை ஏறி இறங்கியதும் பச்சை சட்டென்று முடிந்து பாலை தொடங்கிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் வறட்சி. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே பிறந்த எங்களுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

அந்த வறண்ட பக்கத்தில்தான் வாதி தவ்கா இருக்கிறது. குந்துருக்க மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு. பனி நேரடியாகப் படாத, ஆனால் அதன் குளிர்ச்சி எட்டும் அந்த ஓரத்தில்தான் மரம் நன்றாக வருகிறது. பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து, காய்ந்து கட்டியாகும். அரபியில் லுபான் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மஸ்கட் சாம்பிராணி என்று பெயர். லீவில் வரும்போதெல்லாம் அப்பா ஒரு டப்பா கொண்டுவருவார். அம்மா செவ்வாய், வெள்ளி மட்டும் துளித்துளியாகப் போட்டு அடுத்த லீவு வரைக்கும் வைத்திருப்பாள்.

வாதி தவ்கா, சலாலா நகரில் இருக்கும் அல் பலீத் இடிபாடுகள், பாலைக்குள் இருக்கும் சிஸ்ர், கடலோரத்து கோர் ரோரி ஆகிய நான்கும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றில் கோர் ரோரிக்காக நான் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன். சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம் அங்கே இருந்தது. குந்துருக்கம் கப்பலேறிய இடம். இத்தாலிய அகழாய்வுக் குழுவினர் 2006இல் அங்கே ஓர் உடைந்த பானை ஓட்டைக் கண்டெடுத்தார்கள். அதில் தமிழ் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று கீறியிருந்தது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. நக்கீரனில் வரும் அதே கீரன்.

அந்த ஓடு கிடைத்த ஆண்டில்தான் அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். கீரன் வணிகரா, மாலுமியா, அவர் ஊர் எது, திரும்பி வந்தாரா என்று ஒன்றும் சொல்ல முடியாது. வாடைக்காற்றில் இங்கிருந்து பாய் விரித்துப் போய், தென்மேற்குக் காற்றில் திரும்ப வேண்டிய காலம் அது. காற்று மாறும் வரை அந்தக் கரையில் காத்திருக்க வேண்டும். தன் பெயரை ஒரு பானையில் கீறி, இது என்னுடையது என்று வைத்துக்கொண்ட மனிதரை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அப்பாவின் அறையில் எட்டுப் பேர். அவருடைய எவர்சில்வர் தட்டின் அடியிலும் ஆணியால் குத்திய பெயர் இருக்கிறது. இன்றும் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறார். துறைமுகத்தின் வாய் இப்போது மணல் மேடிட்டு மூடிக் கிடக்கிறது. அங்கே சும்மா கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

மிச்சமெல்லாம் சில்லறை ஏற்பாடுகள். ஓமன் ரியாலுக்கு ஆயிரம் பைசா. விலையில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்கும், பார்த்ததும் குழம்ப வேண்டாம். 1970 வரை அங்கே புழங்கிய பணம் ரூபாய்தான், அதனால்தான் பைசா என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப்போக வேண்டும்; வலி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் சில அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. அம்மா கட்டிய மசாலாப் பொடிப் பொட்டலத்தை நான் பிரித்து எடுத்துவிட்டேன். அதில் கசகசா இருந்தது, வளைகுடா நாடுகள் சிலவற்றில் கசகசா போதைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. முன்பின் தெரியாத பெண்களைப் படம் எடுக்கக் கூடாது என்று எனக்கு அப்பா சொன்னார். பிறகு தயங்கி, "எங்களையெல்லாம் மட்டும் வருகிறவர்கள் கேட்காமலே எடுப்பார்கள்" என்றார். சாரத்தின் மேல் நிற்கும் தொழிலாளியைப் படம் எடுக்கும் முன்பும் அனுமதி கேட்க வேண்டும் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அதை எந்தப் பயணக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து புதன்கிழமை விமானம். நேற்று பெட்டி கட்டிப் பார்த்தோம். அப்பா ஒரு டெஸ்டர் எடுத்து வைத்தார், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று பெரிய பெட்டிக்கு மாற்றினேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மா ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு, திரும்ப வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சலாலாவில் எத்தனை நாள் இருப்போம்?"

"நான்கு நாள்."

"இன்னொன்று தைக்க வேண்டும். சாரலில் நனைந்தால் ஒரு நாளில் காயாது" என்று சொல்லிவிட்டு, டெய்லர் கடையை மூடும் முன் போக வேண்டும் என்று செருப்பைத் தேடினாள்.